ஆர்கனாய்டு கேள்வியில் விழுந்து எழுந்த கதை

ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய் உயிரியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த முறை தேறிவிட்டேன். போன தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான்: சினைப்பைப் புற்றுநோய் ஆர்கனாய்டில் (நோயாளியின் கட்டி செல்களிலிருந்து தட்டில் வளர்க்கும் குட்டி முப்பரிமாண மாதிரி) இம்யூனோதெரபி மருந்தை, அதாவது நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டும் மருந்தைப் போட்டால் என்ன தெரியும்? "நோயாளிக்கு மருந்து கேட்குமா என்று தெரியும்" என்றேன். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "அந்தத் தட்டில் டி செல் (கட்டியைத் தாக்கும் நோயெதிர்ப்பு செல்) எங்கே இருக்கிறது?"

டி செல் இல்லை. ரத்தக் குழாயும் இல்லை, ஸ்ட்ரோமாவும் (கட்டியைத் தாங்கும் இணைப்புத் திசு) இல்லை. வழக்கமான ஆர்கனாய்டில் இருப்பது எபிதீலிய செல்கள் (உறுப்பின் மேலுறை செல்கள்) மட்டுமே. நோயெதிர்ப்பு செல்களை நாம்தான் கூடச் சேர்த்து வளர்க்க வேண்டும். எனவே என் ஒரே அறிவுரை: ஆர்கனாய்டு பற்றி எந்தக் கேள்வி வந்தாலும், ஆர்கனாய்டில் என்ன இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

விண்ட், ஆர்-ஸ்பாண்டின், நாகின் என்று வளர்ச்சிக் காரணிகளை அட்டவணை போட்டு மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இவற்றைப் பார்த்திருக்கலாம்:

- ஸ்பீராய்டு (வெறுமனே உருண்டையாகத் திரண்ட செல்கள்) வேறு, ஆர்கனாய்டு வேறு. குழப்பினால் வைவா அங்கேயே முடிந்தது.
- எந்த ஆர்கனாய்டு எப்போது வந்தது: 2009இல் குடல், 2017இல் எண்டோமெட்ரியம் (கருப்பையின் உள்படலம்), 2019இல் சினைப்பைக் கட்டிகள். வருடம் போதும்.
- மேட்ரிஜெல் (ஆர்கனாய்டு வளர்க்கும் ஜெல்) எலியின் கட்டியிலிருந்து வருவது. பேட்சுக்கு பேட்ச் மாறும்.

மேட்ரிஜெல்லை ஐஸில் வைக்காமல் எடுத்து, சூடு ஏறி பிப்பெட் முனையிலேயே அது ஜெல்லாக இறுகிப்போனதைப் பார்த்தவன் நான். பிராக்டிகலில் அந்த அனுபவம் கைகொடுத்தது.

இந்த முறை நல்ல கேள்வி: கட்டி செல்களை மீறி சாதாரண செல்கள் வளர்ந்துவிட்டால்? உயர்நிலை சீரஸ் கட்டிகளில் (சினைப்பைப் புற்றுநோயின் ஒரு வகை) கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் டிபி53, அதாவது பி53 புரதத்தைத் தரும் மரபணு, கெட்டிருக்கும். நட்லின் (பி53ஐத் தூண்டும் மருந்து) சேர்த்தால் பி53 சரியாக உள்ள செல்கள் வளராமல் நின்றுவிடும், கட்டி செல்கள் தப்பும். இதைக் கண்டிப்பாகப் படித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் அவரே மடக்கினார்: "இவ்வளவு குறை இருந்தால் இதனால் என்ன பயன்?" கட்டி செல்லையே நேராகத் தாக்கும் மருந்துகளுக்குப் பயன் உண்டு என்றேன். பிஆர்சிஏ (டிஎன்ஏ பழுதுபார்க்க உதவும் மரபணு) வரிசை அந்த மரபணு கெட்டிருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். செல் இன்று டிஎன்ஏவைப் பழுதுபார்க்கிறதா, பார்ப் தடுப்பானுக்கு (பழுதுபார்க்க முடியாத செல்களைக் கொல்லும் மருந்து) அடங்குமா என்பதை ஆர்கனாய்டில் ராட்51 புள்ளிகளை (பழுதுபார்க்கும் புரதம் கூடும் இடங்கள்) எண்ணிப் பார்க்கலாம். பேனா மீண்டும் திறந்தது.

அடுத்த கேள்வி புள்ளியியல். அதில் பாதி மார்க்தான்.