குட்டைக்குத் தண்ணி வந்துருச்சு, தலைவர் நாற்காலி காலியா இருக்குது

ஆகஸ்ட் 15 கிராம சபையில் என்ன நடந்தது என்று வெளியூரில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்டபடியே இருக்கிறார்கள். குட்டையில் தண்ணீர் நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, "இனி ஊருக்குத் தண்ணிப் பிரச்சனை இல்லீங்கள்ல அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். நாலு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது அவிநாசிக்கு வடக்கே இருக்கிற மேட்டாங்காட்டு ஊர். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளத்தில் தண்ணீர் ஓடினால் அந்த வருசம் நல்ல வருசம். போர் போட்டால் ஆயிரம் அடி தாண்ட வேண்டும், தாண்டினாலும் புகைதான் வரும் என்கிற நிலைமை. பண்ணையத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனவர்களில் பாதிப்பேர் தண்ணீர் இல்லாமல் போனவர்கள்தான்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாக வரும், தேர்தல் முடிந்ததும் போய்விடும். 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதம் நடந்தபோது எங்கள் ஊரிலிருந்து டெம்போ பிடித்துப் போனோம். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகிற உபரி நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று மாவட்டங்களிலும் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிற திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். பவானி, நல்லாகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என்று அந்த ஆறு நிலையங்களின் பெயரையும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

எங்கள் குட்டையின் மேற்குக் கரையில் ஒரு குழாய் வாய் இருக்கிறது. பக்கத்தில் கம்பம், கம்பத்தின் மேல் சோலார் தகடு, கீழே ஒரு பெட்டி. எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்று அந்தப் பெட்டிதான் கணக்கு அனுப்புகிறது. முதல் தடவை தண்ணீர் வந்தபோது குழாய் ரொம்ப நேரம் காற்றைத்தான் தள்ளியது. அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்து, நின்று, மறுபடி வந்தது. வெட்டிப் போட்டிருந்த வேலிமுள் எல்லாம் மிதந்து ஓரம் ஒதுங்கிற்று. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார். "ஏனம்மிணி, இது பவானிக் கூடுதுறைத் தண்ணியா?" ஆமாங்காத்தா, கூடுதுறைக்குப் பக்கத்திலேருந்துதான் வருது என்றேன். "ஆடிக்கு ஆடி பஸ்சேறிப் போயி முழுகிட்டு வருவேன். இப்ப ஊட்டுக்கே வந்துருச்சா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்கால் நனைய நின்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் சந்தோசமான சேதி. இனிமேல்தான் விசயம் இருக்கிறது.

அந்த 1,045-ல் 971 சின்னக் குட்டைகள். நீர்வளத் துறை தண்ணீரைக் குழாய் வாய் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். விழுந்த தண்ணீரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது ஊரும் ஊராட்சியும். கரை உடைந்தால், முள் மண்டினால், ராத்திரியோடு ராத்திரியாகக் கோழிக்கடைக் கழிவு மூட்டையை யாராவது வீசிவிட்டுப் போனால், எல்லைக் கல்லைப் பிடுங்கி வேலியை நகர்த்தினால், கேட்க வேண்டியது ஊராட்சி. அந்த ஊராட்சியில் இப்போது தலைவரும் இல்லை, வார்டு மெம்பர்களும் இல்லை.

நான் மெம்பராக இருந்தவள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தமிழ்நாட்டில் அப்போது தேர்தல் நடந்த 27 மாவட்டங்களுக்கும் இதே கதை, கொங்கு மாவட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. நடக்கவில்லை. தலைவருக்குப் பதிலாக ஊராட்சியைப் பார்த்துக்கொள்ள, வட்டார வளர்ச்சி அலுவலரை (பி.டி.ஓ.) தனி அலுவலராகப் போட்டார்கள். எங்கள் பி.டி.ஓ. நல்ல மனுசர், போன் செய்தால் எடுப்பார். ஆனால் ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தெருவிளக்கு பியூஸ் போனால் முன்பெல்லாம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். காலையில் பால் சொசைட்டிக்குப் போகிற வழியிலேயே நாலு புகார் கேட்டுவிடுவேன். இப்போதும் என்னிடம்தான் சொல்கிறார்கள். ஊராட்சிக் கிளர்க்கிடம் சொல்கிறேன். அவர் எழுதி அனுப்புகிறார். அதற்குமேல் என்னிடம் முத்திரையும் இல்லை, தீர்மானப் புத்தகத்தில் இடமும் இல்லை.

மெம்பராக இருந்தபோது நான் கற்றுக்கொண்டதில் பெரிது ஊராட்சிக் கணக்கு. ஊராட்சிக்குத் தனித்தனிக் கணக்குகள் உண்டு. அதில் இரண்டாம் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுகிற பணத்துக்கும். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார், போர் மோட்டார், தெருவிளக்கு எல்லாம் கரண்டில் ஓடுகிறவை. ரோடு போடப் பணம் கேட்டால் "ஈ.பி. பில்லுக்கே சரியாப் போச்சுங்க" என்பார்கள். அந்தப் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓடந்துறை ஞாபகம் வரும்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஊராட்சி ஓடந்துறை. அங்கே தலைவராக இருந்த சண்முகம், 2006-ல் ஊராட்சிப் பெயரில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வாங்கினார். விலை 1.55 கோடி. ஊராட்சிச் சேமிப்பிலிருந்து 40 லட்சம், மீதி வங்கிக் கடன். காற்று வீசுகிற உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றியது, ஓடந்துறையில் விளக்கு எரிந்தது. தேவைக்குப் போக மிஞ்சின கரண்டை மின் வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அரசாங்கம் போட்டுக் கொடுத்த திட்டம் இல்லை அது. ஊராட்சி தானாக யோசித்து, தீர்மானம் போட்டு, கடன் வாங்கிச் செய்தது. அவர் பத்து வருசம் தொடர்ந்து தலைவராக இருந்ததால் அவ்வளவு தூரம் போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன். வந்துபோகிற அதிகாரி கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் அவருக்கு ஏது நேரம்.

சரி, கிராம சபைக்கு வருகிறேன். வருசத்துக்கு ஆறு கிராம சபை. குடியரசு நாள், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு, அதுதான் நமக்கு இப்போது கையில் இருக்கிற ஒரே பிடிமானம். எங்கள் ஊராட்சி மாதிரி மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரத்துக்குள் ஜனம் இருந்தால் 200 பேர் வர வேண்டும். கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும் என்று தெரியும். அதனால் மகளிர் குழுவில் முந்தின நாளே சொல்லி வைத்தேன், யாரும் பொழுதோட வரைக்கும் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. வந்தார்கள். வேப்பமரத்தடியில் ஜமக்காளம் பற்றாமல் சாக்கு விரித்தார்கள்.

கிளர்க் தீர்மானங்களை வரிசையாகப் படித்தார். வழக்கமாக வருகிறவைதான். மழைநீர்ச் சேகரிப்பு, டெங்கு, நெகிழிப் பை. வேகமாகப் படித்துவிட்டு "எல்லாரும் கையெழுத்துப் போட்டுருங்க" என்று நோட்டை நீட்டினார். நான் எழுந்தேன்.

"சார், படிவம் 30 எங்கீங்க?"

ஊராட்சி வரவு செலவைச் சபையில் வைக்கிற படிவம் அது. ஒரு பைலுக்குள்ளிருந்து எடுத்தார். வாசிக்கச் சொன்னேன். ஈ.பி. வரியை வாசித்ததும் பின்னாலிருந்த அண்ணன் ஒருவர், "பகல்ல லைட் எரிஞ்சா பில்லு வராம என்ன பண்ணும், கெழக்கால வீதியில மத்தியானம் ரண்டு மணிக்கும் எரியுதுங்" என்றார். சுவிட்ச் வைத்த பெட்டி துருப்பிடித்துக் கதவு இல்லாமல் இருக்கிறது, யாரும் கை வைக்கப் பயப்படுகிறார்கள் என்று அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வாரமே பெட்டி மாற்றினார்கள். கணக்கை வாய்விட்டு வாசித்ததால் கிடைத்தது அது.

அடுத்து குட்டை. மூன்று விசயம் எழுதச் சொன்னேன். சர்வேயரை வைத்து அளந்து எல்லைக் கல் நட வேண்டும். குட்டையில் கழிவு கொட்டுகிறவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும். குழாய் வாயையும் சோலார் பெட்டியையும் பார்த்துக்கொள்ள ஊரிலேயே பொறுப்பு யார் என்று பேர் எழுத வேண்டும்.

"தனி அலுவலர்கிட்டக் கேட்டுட்டு அப்பறமா எழுதிக்கலாங்க" என்றார் கிளர்க். அவர்மேல் கோபம் இல்லை, மேலே கேட்காமல் எழுதினால் அவருக்குத்தான் திட்டு விழும். ஆனால் சபை சொன்னதைச் சபையில் எழுத வேண்டும். "இங்கியே எழுதுங்க சார், எழுதுனதுக்கு அப்பறந்தான் கையெழுத்து" என்றேன். மகளிர் குழுத் தலைவி பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் நோட்டைத் தொடவில்லை. மண்டல அலுவலராக வந்திருந்தவர் போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில், எழுதுங்க என்று சொல்லிவிட்டார். மூன்றும் எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதற்குக் கீழேதான் கையெழுத்து விழுந்தது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். பின்னால் என்ன எழுதிச் சேர்த்தாலும் அது நீங்கள் சொன்னதாகத்தான் ஆகும்.

வண்டல் மண் பற்றியும் பேச்சு வந்தது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் குளம் குட்டையில் இலவசமாக வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-ல் அரசு மாற்றிவிட்டது. முன்பு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலைய வேண்டியிருந்தது. எங்கள் குட்டையில் இப்போது தண்ணீர் நிற்கிறது, எடுக்க முடியாது. சித்திரை, வைகாசியில் வற்றும்போது தென்னந்தோப்புக்காரர்கள் மனுப் போட்டு எடுத்துக்கொண்டால் தோப்புக்கு உரமாச்சு, குட்டைக்கு ஆழமாச்சு. ஒன்று மட்டும் சபையிலேயே கண்டிப்பாகச் சொன்னோம். அளவுக்கு மேல் தோண்டிக் குழி பறிக்கக் கூடாது, கரையை ஒட்டி மண்வெட்டியே படக் கூடாது. வண்டல் என்று சொல்லிவிட்டுக் கிராவல் அள்ளுகிற லாரியைப் பார்த்தால் நம்பர் எழுதி வையுங்கள்.

கோழிக்கழிவு மூட்டை பற்றி. ஒரு வாரம் இளவட்டப் பையன்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒரு ஆட்டோ வந்து, டார்ச் வெளிச்சம் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. அதற்கப்புறம் மூட்டை விழவில்லை. ஆனாலும் பையன்கள் எத்தனை நாளைக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்காருவார்கள், எட்டு மணிக்குக் கம்பெனியில் கார்டு பஞ்ச் பண்ண வேண்டுமே. கடைக்காரர்களிடம் கழிவு எங்கே போகிறது என்று எழுதி வாங்க வேண்டியது ஊராட்சி. தலைவர் இருந்தால் நாலு கடைக்கும் ஒரே நாளில் நேரில் போயிருப்பார். இப்போது நோட்டீஸ் ஒன்றியத்திலிருந்து வர வேண்டும். இன்னும் வரவில்லை.

கரையில் பனை விதை நடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கின இடமெல்லாம் மண் பொலபொலவென்று இருக்கிறது. பெருமழை வந்தால் கரை கரையும். பனை வேர் மண்ணை விடாது. கீழ்க்காட்டுப் பெரியவர் தோட்டத்தில் விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கிச் சாளையில் குவித்து வைத்திருக்கிறார். விதையை மண்ணில் ஒரு சாண் ஆழத்தில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்தடி விட்டு நடச் சொல்கிறார். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கடப்பாரையோடு குட்டைக்கு வந்துவிடுங்கள். காப்பி எங்கள் வீட்டில். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்ப வேண்டாம், இதற்குப் பணம் தேவையில்லை.

தீர்மானத்தின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையில் வந்ததும் அந்த மூன்று தீர்மானத்தையும் இங்கே அப்படியே போடுகிறேன். வழக்கப்படி அடுத்த சபை காந்தி ஜெயந்திக்கு. சர்வேயர் வந்தாரா, நோட்டீஸ் போயிற்றா என்று அன்றைக்குக் கேட்போம். லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அன்று காலையில் சபைக்கும் வாருங்கள், ஓட்டு இங்கே இருந்தால் உங்கள் கையெழுத்தும் செல்லும்.