விஸ்காம் போர்ட்ஃபோலியோவுக்கு மலைப்படம்: பிரான்மலையில் நான் திருத்திக்கொண்டவை

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு போட்டோகிராபி செய்முறைத் தேர்வுக்குப் பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ, வைக்க வேண்டும். அதில் ஒன்று நிலக்காட்சி. காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலை என்றால் குன்றக்குடி, அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் பிரான்மலை. பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது. உயரம் சுமார் 2,500 அடிதான். ஆனால் சிங்கம்புணரியிலிருந்து போகும்போது சமவெளியில் அது எழுந்து நிற்கிற விதம் நெஞ்சை அடைக்கும். என் முதல் படத்திலோ அது கரையான் புற்று அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது.

மாதிரித் தேர்வில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதுல நான் முதல்ல எதைப் பார்க்கணும்?” என்னிடம் பதில் இல்லை. அடிவாரத்துக்குக் கிட்டப் போய், அகலமாகக் காட்டும் 18 மி.மீ. லென்ஸில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தேன். சாலையும் வானமும் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டன.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். எது பெரிதாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது நாம் நிற்கிற இடம்தான், லென்ஸ் அல்ல. ஒரு பனையிலிருந்து 50 மீட்டரில் நின்றால் பனையும் பின்னால் இருக்கும் மலையும் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரியலாம். அந்தப் பனையை விட்டு 500 மீட்டர் தள்ளிப் போனால் பனை பத்தில் ஒரு பங்காகிவிடும். மலை ஏற்கெனவே தொலைவில் இருப்பதால் கொஞ்சம்தான் குறையும். அங்கே நின்று 135 மி.மீ. அளவுக்கு ஜூம் செய்தால் பனை சிறியதாகவும் மலை மிகப் பெரியதாகவும் வரும். நின்ற இடத்திலேயே நின்று ஜூம் செய்தால் இது கிடைக்காது. மலை பெரிதாக வேண்டுமென்றால் மலையை விட்டுத் தள்ளிப் போங்கள்.

படத்தில் ஆழம் காட்டுவது பற்றிய பாடம் கானாடுகாத்தானில் அப்பத்தாவின் செட்டிநாட்டு வீட்டில் கிடைத்தது. முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் நிலைக்குப் பின்னால் நிலை, பின்கட்டு தாண்டி அடுத்த தெரு வரை பார்வை ஒரே நேராகப் போகும். ஏன் அவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது என்று யோசித்தபடி நின்றுகொண்டிருந்தேன். “வாசலை மறைச்சுக்கிட்டு என்னப்பா பாக்குற?” என்றார் அப்பத்தா. முகப்பு இருட்டு, வளவு (முதல் முற்றம்) வெளிச்சம், அடுத்த நடை இருட்டு, இரண்டாம் கட்டு முற்றம் மறுபடி வெளிச்சம். இருளும் ஒளியும் மாறி மாறி வருவதால்தான் கண் படிப்படியாக உள்ளே போகிறது.

அதையே மலைக்கு வைத்தேன். தை மாதத்தில் விடியற்காலை கண்மாய்க்கரைக்குப் போனேன். முன்னால் கருத்த கரை, அடுத்து வெளுத்த தண்ணீர், அப்புறம் கருத்த பனைவரிசை, அதன் பின்னால் வெளுத்த பனிமூட்டம், எல்லாவற்றுக்கும் மேலே மலை. ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கிலிருந்து பிரிந்து தெரிந்தது. கண்மாய்க்கரை வளைந்து போகிற கோடு பார்வையை மலையிடம் கொண்டுபோய் விட்டது. 1942-ல் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த டீட்டன் மலைத்தொடர் படத்தில் ஸ்நேக் ஆறு வளைந்து வளைந்து செய்வதும் இதே வேலைதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு முன்னுதாரணம் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லலாம். நான் சொன்னேன்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். தெற்கிலிருந்து மலையைப் பார்த்து நின்றால் காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து வரும். அப்போதுதான் பாறை மடிப்புகள் நிழலோடு எழும்பும். உச்சி வெயிலில் அதே பாறை தட்டையாகிவிடும். லென்ஸ் முன்னால் போலரைசர் (வானத்தைக் கருக்கச் செய்யும் வடிகட்டி) போடுகிறவர்களுக்கும் சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் வானம் நன்றாகக் கருக்கும்.

சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டாம். மலையின் பிம்பம் தண்ணீரில் முழுதாக விழுந்த ஒரு படத்தில் கரைக்கோட்டை நடுவிலேயே வைத்தேன். அதுதான் சரியாக இருந்தது.

சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள். என் நல்ல படங்கள் நான்கில் மின்கம்பி நுழைந்திருந்தது. இரண்டடி நகர்ந்தால் தீர்ந்திருக்கும். மலையின் உயரத்தை உணர்த்த ஒரு மனிதரும் வேண்டும். கரையில் ஆடு ஓட்டி வந்த பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் வழக்கம்போல நடந்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் தெரிகிறார். ஆனால் தேர்வாளர் முதலில் விரலை வைத்தது அவர் மேல்தான், அடுத்ததாக மலையின் மேல்.

“ஏன் எஃப் 22 வைக்கவில்லை?” என்று வைவாவில் கேட்டார்கள். லென்ஸின் துவார அளவைத்தான் எஃப் எண் சொல்கிறது; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி விலகிப் பரவி மொத்தப் படமும் மென்மையாகிவிடும், எனக்கு எஃப் 11 போதும் என்றேன். முக்காலியில் வைத்து எடுத்ததால் ஷட்டர் வேகம் குறைந்தாலும் கவலையில்லை.

கடைசியாக பிரிண்ட். கணினித் திரை தானே ஒளிர்வதால் நிழலுக்குள் இருப்பதும் தெரியும், தாளில் அது கருத்துவிடும். முதல் பிரிண்டில் முன்கரை வெறும் கறுப்புப் பட்டையாக வந்தது. நிழல் பகுதியை மட்டும் சற்றே வெளிறச் செய்து, பளபளப்பில்லாத மேட் தாளில் மறுபடி போட்டேன். கரையில் இருந்த கோரைப்புல் அப்போதுதான் தெரிந்தது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுவிடுங்கள்.