உடனிருப்பவர் உறங்கினாரா?

சென்னை அடையாறில் 1954ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டதற்குப் பின்னால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அக்காவின் துயரம் இருந்தது. அந்த அக்கா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. என் சித்திக்குக் கீமோதெரபி நடந்த மாதங்களில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குவதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை என்பதால், புற்றுநோய்ச் செல்களோடு முடியின் வேர்களும் வாயின் உட்பரப்பும் இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே அடிபடுகின்றன. மருந்து ஏறிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள், நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியும் ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சித் தனித் தம்ளர் கேட்டவரும் உண்டு. புற்றுநோய் அப்படித் தொற்றுவதில்லை. சித்தப்பாவிடம் "நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?" என்று கேட்டவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். வாரத்தில் இரண்டு இரவுகள் அவர் வந்து சித்தியின் அருகில் உட்கார்ந்துகொள்ள, அந்த இரண்டு இரவுகளில் மட்டும் சித்தப்பா உறங்கினார்.