கேட்டாச்சு

"போய்க் கேட்டுட்டு வா" என்றார் டொக்டர். "கேட்டாச்சு" என்றேன் நான். சிங்களத்தில் ஒரே ஒரு சொல். ஏழு மாதமாக அந்தச் சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாய்களுக்குக் கருத்தடை செய்யும் முகாம் அது. அப்போது ஜூலி என்ற பொட்டை நாயின் வயிற்றைத் திறந்தாகிவிட்டது. டொக்டர் கர்ப்பப்பையின் ஒரு கொம்பை வெளியே எடுத்தார். சாதாரணமாக அது நாடா மாதிரி மெலிசாக வரும். இது நெல்லிக்காயைக் கோத்தது போல முத்து முத்தாக வந்தது. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் மூன்று. ஒரு மாதச் சினை இருக்கும். முகாமில் ஸ்கேன் கிடையாது. காலையில் நான்தான் தடவிப் பார்த்தேன். ஜூலி பயத்தில் வயிற்றை இறுக்கி வைத்திருந்ததால் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். முகாம்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போவதே அதற்காகத்தான். ஊசி போடவும் உரோமம் மழிக்கவும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாய்க்காரர் சொல்வதை டொக்டரிடமும், டொக்டர் சொல்வதை அவர்களிடமும் சொல்ல நான் ஒருத்திதான்.

ஜூலியை வளர்க்கும் பாட்டி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் படியில், வெறும் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து அடி தூரம்கூட இல்லை. நான் போகவில்லை.

காலையில் கேட்டேன் என்பது உண்மைதான். படிவத்தை நீட்டி, "ஆப்பரேசன் செய்வமா பாட்டி?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. போன நாயை மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் புலி தூக்கிப் போன கதையைச் சொன்னார். (எங்கள் பக்கம் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். தேயிலைக்குள் இறங்கி வந்தால் அது முதலில் தேடுவது நாயைத்தான்.) நாய் இல்லாத அந்த ஆறு மாதத்தில் காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தை உழுதுவிட்டதாம். "இதையும் புலி கொண்டு போச்சுன்னா? ஒரு ஈத்து போடட்டும் புள்ள. ஒரு ஆம்பளக் குட்டிய வச்சுக்கிட்டு அப்புறம் செய்யலாமே."

ஒரு ஈத்து போட்டால்தான் பொட்டை நாய்க்கு நல்லது என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பாட்டி சொன்னது அது இல்லை என்று அப்போதே எனக்குப் புரிந்தது. இருந்தும் வாய்க்குப் பழகிய பதிலைத்தான் சொன்னேன். வயதானால் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும், மார்பில் கட்டி வரும், வருசத்துக்கு இரண்டு தரம் குட்டி போட்டால் யார் சோறு போடுவது என்று ஒப்பித்தேன்.

"ஆம்பள நாய்க்குச் செய்யக் கூடாதா?" என்று கேட்டார். ஆண் நாய்க்கு வேலை சுலபம், வயிற்றைத் திறக்கவே வேண்டாம். ஆனால் பத்து ஆணுக்குச் செய்து ஒன்றை விட்டாலும், அந்த ஒன்றே லயத்தில் உள்ள எல்லாப் பொட்டைக்கும் போதும். அதனால்தான் பொட்டையை முதலில் பிடிக்கிறோம் என்றேன்.

பாட்டி சிரித்தார். "எங்களுக்கும் அப்படித்தான் புள்ள."

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். மூன்றாவது பிள்ளை பிறந்த கையோடு, தோட்டத்து லொறியில் பதினொரு பேரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். எல்.ஆர்.டி. என்ற, பெண்களுக்கான கருத்தடை ஆப்பரேசனுக்கு. 1980களில் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அரசு 500 ரூபா கொடுத்த காலம். "ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல. அதுல ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். இன்னும் இருக்கு." அவரைக் கேட்டார்களா என்றேன். "கேட்டாங்கதான். வேணாம்னு சொல்ற மாதிரி கேக்கல."

பக்கத்தில் நின்ற டொக்டர், பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டார். பின்னால் இருபது நாய் காத்திருந்தது. மூடுபனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். பழைய கதை என்று சொல்லிவிட்டுப் பாட்டியைப் பார்த்தேன். "ஒங்க இஷ்டம் தாயி. நீங்க சொன்னா சரிதான்" என்றார். அதை "சம்மதம்" என்று மொழிபெயர்த்தேன். அவர் கையெழுத்து வைத்தார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மா கங்காணியிடம் சொன்னதும், துரையிடம் சொன்னதும், டிஸ்பென்சரியில் மருந்துக்கு நிற்கும்போது சொன்னதும் அதே வார்த்தைதான். அது சம்மதம் இல்லை. இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட ஒருவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வது. தமிழ் தெரியாத டொக்டருக்கு அது புரியாது. புரிய வேண்டியவள் நான்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது எங்கள் நாய் ஆறு குட்டி போட்டது. கண் திறந்த மறுநாள், நாலு பொட்டைக் குட்டிகளை அம்மா உரப்பையில் போட்டு என் கையில் தந்து, பெரிய ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னார். போகிற வழியெல்லாம் பை என் காலில் சூடாக இடித்துக்கொண்டே வந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2006இல் இருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்திவிட்டது. விசர்நாய் நோயைக் கட்டுப்படுத்தத் தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. குட்டி போட்ட நாய் ஒன்று படிக்கட்டில் கிடந்தால், அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கால்தான் கடிபடும். ஜூலியின் ஏழில் பாட்டி ஒன்றை வைத்திருப்பார். மற்ற ஆறும் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதோடு, அந்த நேரத்தில் பாட்டியிடம் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேண்டாம் என்றால் தைத்து மூடியிருப்போம். ஜூலி தையலோடு குட்டி சுமந்து, பால் கொடுத்து முடித்தபின் இன்னொரு தரம் மயக்க மருந்து, இன்னொரு தரம் கத்தி. அது நாய்க்கு நல்லதா? இல்லை. இந்த நியாயத்தை நூறு தரம் எனக்கே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் இருக்கிறது. பதினொரு பேரை லொறியில் ஏற்றியவர்களிடமும் இப்படி ஒரு சரியான நியாயம் இருந்திருக்கும் என்று அடுத்த நிமிசமே தோன்றுகிறது. நாயும் மனுசியும் ஒன்றில்லை, அது எனக்கும் தெரியும். நான் கேட்காமல் விட்டது நாயை இல்லையே, பாட்டியை.

அன்று மாலை ஜூலி தள்ளாடிக்கொண்டு எழுந்தபோது பாட்டி ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டார். இன்றைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று தடுத்தேன். முந்தின இரவிலிருந்து நாய் பட்டினி, அது பார்த்துக்கொண்டிருக்கும்போது தனக்கும் சோறு இறங்கவில்லை என்றார். அந்த ரொட்டியைக்கூட அவர் தின்னவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். வயிற்றில் ஏழு இருந்ததை நான் சொல்லவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரிக்க நானே போனேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. பாட்டி இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது, மூடியில் பச்சைப் பெயின்ட் திட்டுத் திட்டாக. பார்க்காத மாதிரி இருந்தேன்.

"வயித்துல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு பாட்டி."

"எத்தன?"

"ஏழு."

அவர் ஜூலியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது முகாமில் நான் கேட்கிற விதத்தை மாற்றிவிட்டேன். வேணாம்னாலும் பரவாயில்லை, கோவிக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்கிறேன். நேரம் கூடுதலாகப் போகிறது, டொக்டர் முகம் சுளிக்கிறார். போன முகாமில் இரண்டு பேர் நாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு நாய் செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. இரண்டு மாதம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அட்டைப் பெட்டி ஒன்றில் மூன்று குட்டிகளைப் பார்த்தேன். எல்லாம் செம்பட்டை, எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கோடு. அந்த நாயின் குட்டிகள்தானா என்று சத்தியம் பண்ண முடியாது.

தையல் பிரித்த அன்று புறப்படும்போது பாட்டி ஒன்று கேட்டார். எங்காவது ஆண் குட்டி கிடைத்தால் கொண்டுவந்து தரச் சொன்னார். கட்டாயம் தருகிறேன் என்றேன். எங்கள் கிளினிக் வாசலில் மாதத்துக்கு ஒரு பெட்டியாவது இரவோடு இரவாக வந்துவிடும். ஒவ்வொரு தரமும் குனிந்து, ஒவ்வொரு குட்டியாகத் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் பொட்டைதான்.