கூம்புத் திருகு

பர்மாவுல மௌல்மீன் ஊர்க் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால இன்னைக்கு விறகு பிளக்கிற மெஷின் ஓடுச்சு. சீன டீசல் எஞ்சின், சுத்திக்கிட்டே கட்டைக்குள்ள ஏறிப் பிளக்கிற இரும்புக் கூம்புத் திருகு. எல்லாம் உள்ளூர்ப் பட்டறை வேலை.

எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுத்து. அதுல 4 இன்ச் புல்லி, திருகுத் தண்டுல 28 இன்ச். திருகு 285 சுத்துக்கு இறங்கிடும். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

உயிரைக் காக்கறது மேடையில வெல்டிங் பண்ணின ஆங்கிள் இரும்புத் துண்டு. திருகு கட்டையையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். கட்டை அதுல முட்டி நிக்கும். அது இல்லேன்னா முழங்கால் போச்சு.

கட்டையைப் பக்கவாட்டுல கொடுங்க. வெட்டுமுகத்துல குத்தினா திருகு இறுகிக்கும்.

ஈர ரப்பர் மரம்னா நார் சுத்திக்கும். பெல்ட் லேசா தொளதொளன்னு இருந்தா வழுக்கி விட்டுடும், அதுவும் நல்லதுதான்.

கையுறை வேண்டவே வேண்டாம். லோஞ்சியை (பர்மா லுங்கி) மடிச்சுக் கட்டுங்க. எஞ்சினை நிறுத்துற கயிறு கட்டை பிடிக்கிறவர் கைக்கு எட்டணும், பக்கத்துல வேடிக்கை பார்க்கிறவருக்கு இல்ல.