மகாம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அரபுச் செவ்வியல் இசை கற்க ஆசைப்படும் தமிழர்களில் பலர் கர்நாடக இசையில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள். அவர்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான்: மகாம்களின் (அரபு இசையில் ராகம் போன்ற அமைப்புகள்) பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேளகர்த்தாக்களோடு, அதாவது ஏழு சுரமும் கொண்ட நம் தாய் ராகங்களோடு, ஜோடி சேர்ப்பது. அஜம் என்றால் சங்கராபரணம். குர்த் என்றால் தோடி. ஹிஜாஸ் என்றால் வகுளாபரணம். நிக்ரீஸ் ஹேமவதி, நவா அதர் சிம்மேந்திரமத்தியமம், ஹிஜாஸ்கார் நம் மாயாமாளவகௌளை. சுரங்களை மட்டும் எண்ணினால் இவை எல்லாம் சரியாகவே பொருந்தும். ஒரு வாரத்தில் பாதி அரபு இசை கைக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஆனால் மகாம் அப்படிக் கைக்கு வருவதில்லை. கெய்ரோவில் ஊத் என்ற நரம்பு வாத்தியத்தைப் பயின்ற காலத்தில் என் ஆசிரியர் எந்த மகாமையும் ஏழு சுரமாக எழுதிக் கொடுத்ததே இல்லை. மூன்று, நான்கு அல்லது ஐந்து சுரம் கொண்ட ஜின்ஸ் என்ற துண்டைத்தான் கொடுப்பார். அதை வாயால் பாடி, பிறகு கம்பியில் தேடச் சொல்வார். மகாம் என்பது ஒரு ஜின்ஸில் தொடங்கி, அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, வேறொன்றுக்குள் நுழைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிற ஒரு பாதை. ராஸ்த் மகாமையே பாருங்கள். கீழே ராஸ்த் ஜின்ஸ். ஏறும்போது பஞ்சமத்தின் மேல் மறுபடியும் ராஸ்த். இறங்கும்போது அதே பஞ்சமத்தின் மேல் பெரும்பாலும் நஹாவந்த் ஜின்ஸ். அங்கே ஹிஜாஸ் ஜின்ஸை வைத்தால் அந்த மகாமுக்கு சூஸ்னாக் என்று பெயர். பயாத்தி மகாமின் நான்காம் சுரத்தில் ஹிஜாஸை ஏற்றினால் பயாத்தி ஷூரி. ஆக, ஒரு ஹிஜாஸ் துண்டை நன்றாகப் பழகியவருக்கு இரண்டு புதிய மகாம்கள் தாமாகத் திறக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு அவை இரண்டும் தனித்தனிச் சுமை.

ராகத்தை விட்டு வெளியே போகாமல் இருப்பது நமக்குப் பயிற்சி. இங்கே வெளியே போவதும் திரும்பி வருவதுமே கலை. அந்தத் திரும்புதலுக்குக் கஃப்லா என்று பெயர். தேர்ந்த ரசிகர்கள் 'அல்லாஹ்!' என்று வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எனவே பழகும்போது ஒவ்வொரு ஜின்ஸுக்கும் இரண்டு மூன்று கஃப்லாக்களையாவது சேர்த்தே பழகுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் வெளியே கிளம்பக் கூடாது.

அடுத்தது கால்சுரம், அதாவது நம் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு இடையில் நிற்கும் சுரம். காதுக்கு உண்மையான உழைப்பு தேவைப்படுவது இங்கேதான். ராஸ்த் ஜின்ஸின் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. பயாத்தியில் ரிஷபம் சுத்தத்துக்கும் சதுச்ருதிக்கும் இடையில். புத்தகங்கள் ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரித்துக் காட்டும். 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில் பேலா பார்த்தோக், பால் ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசையாளர்களும் கலந்துகொண்டார்கள். இந்தச் சமப் பிரிவினை சரிதானா என்பது அங்கேயும் பெரிய விவாதமாக இருந்தது. கச்சேரியில் நடப்பது வேறு. ராஸ்த்தின் காந்தாரம் சிரியாவில் சற்று மேலே, எகிப்தில் சற்றுக் கீழே. பயாத்தியில் ரிஷபமாக வரும் அதே சுரம் ராஸ்த்தில் இருப்பதைவிடத் தாழ்ந்து ஒலிக்கிறது. இதைக் கணக்கால் பிடிக்க முடியாது. ஒரே ஊரைச் சேர்ந்த பாடகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் அவரை மட்டும் கேட்டு, அவருடைய சுரத்தில் காதை நிறுத்துங்கள்.

கர்நாடகப் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தச் சுரத்தை அசைக்காதீர்கள். இடைப்பட்ட சுரம் வந்ததும் நம் தொண்டை தானாகக் கமகம் கொடுக்கப் பார்க்கும். அசைத்தால் அதன் நிறமே போய்விடும். நேராக நிறுத்திப் பாடிப் பழகிய பிறகு, அரபு இசைக்கே உரிய சிறு அலங்காரங்களைச் சேர்க்கலாம். தம்பூராவும் பெரும்பாலும் இருக்காது. ஆதார சுரத்தை மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். சாதாரணக் கீபோர்டை வைத்துக்கொண்டு இதைக் கற்க முயல வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஊத்தில் மெட்டுக் கட்டைகள் கிடையாது. விரல் காதுக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். கானூன் என்ற பல கம்பி வாத்தியத்தில் கம்பிக்கு அடியில் உள்ள சிறு நெம்புகோல்கள் சுரத்தை நிர்ணயித்துக் கொடுக்கும். கற்கிறவருக்கு ஊத்தே மேல் என்பது என் கருத்து.

தாளத்துக்கு வருவோம். ஈகா என்ற தாள அமைப்புகளைத் தும், தக் என்ற இரண்டு சொற்களிலேயே சொல்லிவிடுகிறார்கள். சொற்கட்டில் வளர்ந்த நமக்கு இது இயல்பாக வரும். மக்ஸூம் எட்டு எண்ணிக்கை (கோடு வரும் இடத்தில் மௌனம்): தும் தக் – தக் தும் – தக் –. இரண்டாவது தக்கைத் தும் ஆக்கினால் சயீதி. முதல் தக்கைத் தும் ஆக்கினால் பலதி. இவற்றை ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

நேரம் கொடுக்க வேண்டியது பத்து எண்ணிக்கை உள்ள சமாயி சகீலுக்கு: தும் – – தக் – தும் தும் தக் – –. மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று கைகொட்டுங்கள். இதைக் கண்ட சாப்பு என்று நினைத்து ஐந்து ஐந்தாக வெட்டினால், அடுத்தடுத்து வரும் இரண்டு தும்களின் கனம் கெட்டுவிடும். 'லம்மா பதா யததன்னா' என்ற புகழ்பெற்ற முவஷ்ஷஹ் (ஒரு மரபுப் பாடல் வகை) இந்தத் தாளத்தில், நஹாவந்த் மகாமில் அமைந்தது. அதைப் பாடிக்கொண்டே கைகொட்ட முடிகிற வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

இசை உருவங்களில் முதலில் தூலாப். ஒரு மகாமின் முகத்தைக் காட்டும் சின்னஞ்சிறு முன்னிசை. மகாம் ஒன்றுக்குத் தூலாப் ஒன்று என்று கற்றாலே அடித்தளம் அமைந்துவிடும். அதன்பின் சமாயி. நான்கு கானாக்கள் (பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் பிறகு தஸ்லீம் என்ற பல்லவி. முதல் மூன்று கானாக்கள் பத்து எண்ணிக்கையில் போகும். நான்காவதில் தாளம் மாறித் துள்ளும். மறுபடியும் தஸ்லீம், பழைய நடை. எகிப்தின் இப்ராஹீம் அல் அரியான் இயற்றிய பயாத்தி சமாயி இதற்கு மிகச் சிறந்த பாடம். ஒவ்வொரு கானாவிலும் எந்த ஜின்ஸ் எங்கே மாறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். தக்சீம் என்ற கற்பனை வாசிப்புக்கு வேண்டிய வரைபடம் அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி ஞானத்துக்கு எங்கே போவது? எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் மேடைப் பதிவுகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் எது மாறுகிறது என்று கேளுங்கள். சிரியாவின் அலெப்போ நகர மரபுக்குப் பாடகர் சபாஹ் ஃபக்ரி. தாளமும் வாத்தியமும் இல்லாமல் மகாமை மட்டும் கேட்க வேண்டுமென்றால் எகிப்தியக் குர்ஆன் ஓதுநர் முஸ்தஃபா இஸ்மாயீல். மரபுப்படி பயாத்தியில் தொடங்கி, பல மகாம்கள் வழியே சென்று, பயாத்தியிலேயே முடிப்பார். மதிப்போடு அமர்ந்து கேட்டால் மகாம் மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் கண்டதில்லை.

வரிசை என்று கேட்டால், ராஸ்த், பயாத்தி, ஹிஜாஸ், நஹாவந்த், சீகா என்று போங்கள். சபா மகாமைக் கடைசியாக வையுங்கள். அதன் துயரம் எல்லோரையும் உடனே இழுக்கும். ஆனால் அதன் நான்காம் சுரம் மூன்றாவதை ஒட்டி நிற்கிறது. மேல் ஸ்தாயி ஆதார சுரத்தில் முழுமையாக மூடாது. மேலே போய் நிலைகொள்ளத் தேடாமல், மூன்றாம் சுரத்தின் மீது ஹிஜாஸைக் கட்டி, அங்கிருந்து கீழே இறங்கிப் பழகுங்கள்.