கூரைக்கு வாங்கிய கடன்

2008-இல் சென்னையில் ஒரு பி.பி.ஓ.வில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்க வீட்டுக்கடன் ஃபைல்களைத் திறந்து, எந்தத் தாள் எது என்று பிரித்து இண்டெக்ஸ் செய்யும் வேலை. உட்கார்ந்து படிக்க டார்கெட் விடாது. அந்த வருடம் வந்தவை பெரும்பாலும் தவணை தவறிய ஃபைல்கள்.

கட்ட முடியாதவர்கள் காரணத்தை எழுதி அனுப்புவார்கள். ஹார்ட்ஷிப் லெட்டர் என்போம். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டியிலிருந்து ஒரு பெண்மணி எழுதியதை மட்டும் முழுசாகப் படித்துவிட்டேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். வீடு அவருடைய அம்மா அப்பா வாங்கியது, அதன் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. கூரை ஒழுகியதால் வீட்டை வைத்துப் புதிதாகக் கடன் வாங்கியிருக்கிறார். முதல் 2 வருடம் ஒரே வட்டி, பாக்கி 28 வருடம் மாறும் வட்டி. மூன்றாம் வருடம் தவணை எகிறிவிட்டது. கோடு போட்ட தாள், நீல மை. 'அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை' என்று எழுதி, அடித்துவிட்டு, கீழே மறுபடியும் அதையே எழுதியிருந்தார்.

கடன் விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்கும் பகுதி ஒன்று உண்டு. கறுப்பினத்தவர் என்ற கட்டத்தில் டிக். கிரெடிட் ஸ்கோர் நன்றாகத்தான் இருந்தது. அதே ஸ்கோருக்கு இதைவிடக் குறைந்த வட்டியை வேறு ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த ஃபைலைத் திறந்தாலும் என் கண் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போனது.

பின்னணியை அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1930-களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. கடனே கிடைக்காமல் கிடந்த அதே தெருக்களுக்கு, 2000-க்குப் பிறகு இந்த அதிக வட்டிக் கடன்களைத் தேடிப்போய் விற்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

பியூ ஆய்வு மையம் 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, கறுப்பினக் குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் வரும் குடும்பத்தின் நிகரச் சொத்து 2005-இல் 12,124 டாலர். 2009-இல் அது 5,677. வெள்ளையருக்குச் சரிவு 16 சதவீதம்தான். பங்கு, ஓய்வூதிய முதலீடு என்று பிரித்து வைக்க அதிகம் இல்லாதவர்களுக்கு வீடு போனால் சேமிப்பே போனது. எங்கள் வீட்டிலும் அம்மாவின் ஐந்து பவுனையும் அந்த ஓட்டு வீட்டையும் விட்டால் வேறு சேமிப்பு கிடையாது. அதனால் அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை.

2011 டிசம்பரில், கன்ட்ரிவைட் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனம் 2 லட்சத்துக்கும் மேலான கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடம் கூடுதலாக வசூலித்தது என்ற வழக்கு 33.5 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. செய்தியைப் படித்ததும் அந்தப் பெண்மணியின் ஃபைல்தான் ஞாபகம் வந்தது. அவருக்குக் கடன் கொடுத்தது வேறு கம்பெனி. அது 2007-லேயே மூடிவிட்டது.